முந்தானை எந்தத் தோளில்?

ஆறாவது பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் மை காய்ந்துவிட்டது என்று போன வாரம் நிறுத்தியிருந்தேன். அந்தக் காய்ந்த மைதான் மறுநாள் எங்களை மூச்சு வாங்க ஓடவைத்தது.

நடுவில் படிக்க வந்தவர்களுக்குச் சில வரிகள். என் தம்பி செம்பியன் ஆறு வருஷம் ஃப்ளெக்ஸ் பேனர் வடிவமைத்தவன். காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி என்று ஊரார் முகங்களை வெட்டி ஒட்டிய கை. 'மணிக்கூண்டு' வார இதழ் இருபத்தாறு வாரப் படக்கதைக்கு ஆள் தேடியபோது மூன்று பேரில் ஒருவனாகத் தேறினான். ஆறு பக்கம் வரைந்து, சனிக்கிழமை நான்கு மணிக்குள் அபிராமபுரம் அலுவலகத்தில் காட்ட வேண்டும். தேறாவிட்டால் திங்கட்கிழமை ஓசூரில் இன்னொரு பேனர் கம்பெனி. பெட்டி கட்டி வாசலில் வைத்திருந்தான்.

செம்பியனுக்கு மனசிலிருந்து வரைய வராது. ஆளை நிறுத்தி, போட்டோ எடுத்து, அதைப் பார்த்துத்தான் வரைவான். கதை தண்ணீர் லாரிகளைப் பற்றியது. சாப்பாடு டெலிவரி செய்யும் கதாநாயகனாக அவனே நின்றான். பூக்காரியாக நான், அம்மாவின் மஞ்சள் புடவையில். மற்ற எல்லோரும் நைனா. சப்-இன்ஸ்பெக்டர் நைனா. கவுன்சிலர் நைனா. லாரிக்காரர், ஆட்டோக்காரர், டீ மாஸ்டர், தெருவில் நின்று வேடிக்கை பார்க்கும் பதினோரு பேர், எல்லாம் எங்கள் நைனா தணிகாசலம். சைதாப்பேட்டை ஸ்டாண்டில் முப்பது வருஷம் ஆட்டோ ஓட்டியவர்.

பெரும்பாக்கத்தில் எங்கள் பிளாக்கின் மொட்டை மாடியில் ஒரே பகலில் அறுபத்து மூன்று படங்கள். போனைத் தண்ணீர்த் தொட்டிமேல் சாய்த்து, முன்பக்கக் கேமராவில்தான் எடுக்க வேண்டும் என்று நைனா அடம்பிடித்தார்.

"பின்னாடி கேமரான்னா நான் எப்டி நிக்கிறேன்னு எனக்கு எப்டிடா தெரியும்? என் மொகரையப் பாத்துக்கினாத்தான் எனக்கு நடிப்பு வரும்."

மூவரும் அந்தச் சின்னத் திரையைப் பார்த்துப் பார்த்துத்தான் நின்றோம்.

*

சனிக்கிழமை காலை பதினொன்றே கால். மேற்கு மாம்பலத்தில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் இனாயத் பாயின் கடை. கப்பிலும் டி-ஷர்ட்டிலும் போட்டோ அச்சடிக்கிற கடை. செம்பியனுக்குப் பழைய சிநேகம். பெரிய ஸ்கேனர் இருக்கிறது என்று நைனாவின் ஆட்டோவில் அங்கே போனோம். ஸ்கேன் செய்துவிட்டு, பக்கத்தில் ஆளுக்கு ரெண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, நிதானமாக அபிராமபுரம் போவதாகத் திட்டம்.

இனாயத் பாய் முதல் பக்கத்தைத் திரையில் பெரிதாக்கினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"பிரமாதம்டா செம்பி. சேட்டு வூட்டுக் கதையா?"

"இன்னா பாய்! சைதாப்பேட்டை பூக்காரி அது. எங்க அக்கா."

"பூக்காரின்னா முந்தானை ஏன்பா சோத்துக்கைப் பக்கம் வுட்டுக்கினு கீது? சவுகார்பேட்டையில தானே அப்டிக் கட்டுவாங்க?"

நைனா சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே என் கை தானாகத் தோளைத் தொட்டது. சுடிதாரில்தான் இருந்தேன். ஆனாலும் கை இடது தோளுக்குத்தான் போயிற்று.

படத்தில் முந்தானை வலது தோளில் கிடந்தது.

செம்பியன் இரண்டாவது பக்கத்தை இழுத்தான். மூன்றாவது. நான்காவது. எல்லாவற்றிலும் நான் சேட்டு வீட்டு அம்மாவாக நின்றேன். டீ மாஸ்டரின் சட்டைப் பொத்தான்கள் பக்கம் மாறியிருந்தன. கதாநாயகனின் சட்டைப் பை வலப்பக்கம் இருந்தது.

"அய்யய்யோ," என்றார் நைனா. ஐந்தாவது பக்கத்தில் விரல் வைத்தார். அதில் அவரே ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். "டேய், ஆக்சிலேட்டர லெஃப்ட்ல முறுக்கறேன்டா! கிளட்ச்சு ரைட்ல கீது!"

"நீ நேத்து பாத்தியே நைனா! பாத்துட்டு ஷோக்கா கீதுன்னியே!"

"ஷோக்காத்தானே இருந்துச்சு!"

இனாயத் பாய் தம்பியின் போனை வாங்கினார். கேமரா அமைப்புகளுக்குள் போய் ஒரு வரியைக் காட்டினார். செல்ஃபியைக் கண்ணாடியில் தெரிவதுபோலவே சேமிப்பது. அது எப்போதும் இயங்கும்படி இருந்தது.

அறுபத்து மூன்று படங்களும் இடவலம் மாறியவை. அதை எங்களில் ஒருவரும் பார்க்கவில்லை. எப்படிப் பார்ப்போம்? நான் தினமும் கண்ணாடிக்கு முன்னால் நின்று முந்தானைக்கு ஊக்கு குத்துகிறவள். கண்ணாடியில் எப்படித் தெரிவேனோ அப்படியே படத்திலும் இருந்தேன். எனக்கு உறுத்தவே இல்லை. நைனாவும் அப்படித்தான். முப்பது வருஷமாக ஆட்டோவின் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து மீசை ஒதுக்கியவர். எங்கள் வீட்டு ஆட்கள் அல்லாத ஒரு கண் வேண்டியிருந்தது.

"போச்சு," என்றான் செம்பியன். ஸ்டூலில் உட்கார்ந்தான். "பதினோரு நாளு வேலை. போச்சு. பூக்காரிக்கே முந்தானை எங்கன்னு தெரியாதவன் படக்கதை போட வந்துட்டான்னு சிரிப்பாங்க."

"இன்னா போச்சு?" இனாயத் பாய் ஒரு கப்பை எடுத்து அவன் மூக்குக்கு நேராக நீட்டினார். "இதுல பேரு எப்டி ஏத்தறேன்? காகிதத்துல திருப்பி அடிச்சி, கப்புல ஒட்டி சூடு குடுத்தா நேரா வரும். நாள் பூராத் திருப்பறதுதான்பா என் பொழப்பே. இந்தா பாரு."

ஒரு பொத்தான். முதல் பக்கம் முழுவதும் புரண்டது.

முந்தானை என் இடது தோளுக்கு வந்து சேர்ந்தது. நைனா கைதட்டினார். அரை நொடிதான்.

கட்டங்களின் வரிசையும் புரண்டிருந்தது. கடைசியில் வர வேண்டியது முதலில் நின்றது. வசனப் பலூன்களில் நான் எழுதியிருந்த தமிழ் எழுத்துகள் எல்லாம் முதுகைக் காட்டின.

"அதையும் படிப்பேன் நானு," என்று இனாயத் பாய் இடவலமாகத் திரும்பிய வரியைக் கடகடவென்று வாசித்தார். "'யோவ், லாரிய எடு!' சரியா? ஆனா பத்திரிகைக்காரங்க எங்கிட்டயா வந்து படிப்பாங்க?"

செம்பியன் எழுந்துவிட்டான். அவன் கண்ணில் பழைய வெளிச்சம் வந்திருந்தது.

"பாய், எந்திரிங்க. கம்ப்யூட்டர எங்கிட்ட குடுங்க. கட்டம் கட்டமா வெட்டித் திருப்பறேன். பாலம், பஸ்ஸு, கடை போர்டெல்லாம் வேற போட்டோ பாத்து வரைஞ்சது, அது நேராத்தான் கீது, அதத் தொட வேணாம். ஆளு வர்ற கட்டம் மட்டும் திருப்பணும். பலூன வெள்ளையா அழிச்சிட்டு கெட்டிப் பேப்பர்ல அடிச்சித் தரேன். அக்கா, நீ மறுபடி எழுது."

"எத்தினி பலூன்டா?"

"நாப்பத்தொண்ணு."

நான் சைதாப்பேட்டை நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு கடையில் மனுக்கள் தட்டச்சு செய்துவந்தேன். முன்பு கையால் எழுதிக்கொடுத்த காலமும் உண்டு. என் கையெழுத்து நல்ல உருண்டையாக இருக்கும் என்பார்கள். ஆனால் மூன்றே மணி நேரத்தில் நாற்பத்தொரு பலூன், ஒரு எழுத்துகூட அடிக்காமல்? நான் பேனாவின் மூடியைத் திறந்தேன்.

*



செம்பியன் சுட்டியைப் பிடித்தபடி நின்றுகொண்டே வேலை செய்தான். ஒவ்வொரு கட்டமாக வெட்டினான், புரட்டினான், இடத்தில் பொருத்தினான். பக்கம் அச்சானதும் சூடு ஆறுவதற்குள் என் பலகைக்கு வந்தது. பழைய பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு நைனா வசனங்களை வாசித்தார். சும்மா வாசிக்கவில்லை.

"'தண்ணி வருமா, வராதா?'" என்று பூக்காரியின் குரலில் கீச்சிட்டார்.

"நைனா, சொல்லு போதும். நடிக்காத. எழுத்து கோணிக்கினு போவுது."

"நடிக்காம வரலம்மா. அடுத்தது கவுன்சிலரு. 'அம்மா தாயே, நாளைக்குக் காலைல உன் வாசல்ல லாரி நிக்கும்!'"

டி-ஷர்ட் வாங்க வந்த இரண்டு கல்லூரிப் பெண்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். "அங்கிள், அப்புறம் லாரி வந்துச்சா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"அதான்மா கதையே! வரல!"

ரயில் போகும்போதெல்லாம் பலகை அதிர்ந்தது. ரயிலுக்காகப் பேனாவைத் தூக்குவேன், போனதும் வைப்பேன். தாம்பரம் பக்கம் போவதற்கு ஒரு வரி, பீச் பக்கம் போவதற்கு ஒரு வரி என்று கணக்காகிவிட்டது. இனாயத் பாய் என் தலைக்கு மேல் மின்விசிறியை நிறுத்தினார், தாள் பறக்கக் கூடாது என்று. வியர்வை மூக்கு நுனியில் நின்றது. அவரே ஒரு டி-ஷர்ட்டைக் கொடுத்துத் துடைத்துக்கொள்ளச் சொன்னார். அதில் யாரோ ஒரு குழந்தையின் முதல் பிறந்தநாள் அச்சாகியிருந்தது.

மூன்றாவது பக்கம் வந்தபோது நைனா அதைக் கையில் எடுத்துத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது யாரு?"

"நீதான்."

"நான் இல்லியே. மூக்கு அந்தப் பக்கம் போவுது. வகிடு மாறிக்கினு கீது. எவனோ என் சொந்தக்காரன் மாதிரி கீறான்."

"அதான் நைனா நீ. நாங்க பாக்கற நீ."

அவர் தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுவந்தார். "இத்தினி நாளா இந்த மூஞ்சியத்தான் பாத்துக்கினு இருந்தீங்களா? பாவம்," என்றார். கடையே சிரித்தது.

அந்த அறுபத்து மூன்று படங்களும் இன்று என் போனில் இருக்கின்றன. அவற்றில் இருப்பது அவர் தன்னைப் பார்த்த முகம். நாங்கள் பார்த்த முகம் செம்பியன் திருப்பிய அந்தத் தாள்களில்தான் இருக்கிறது.

*

இரண்டு மணி இருபது. முப்பத்து நான்காவது பலூனில் இருந்தேன்.

"நாசமாப் போச்சு!" என்று செம்பியன் கத்தினான்.

ஆறாம் பக்கம், நடுக் கட்டம். சப்-இன்ஸ்பெக்டர் கவுன்சிலருக்கு சல்யூட் அடிக்கிறார். திருப்பிய பிறகு அடிப்பது இடது கையாக இருந்தது.

"லெஃப்ட்ல சல்யூட்டா?" இனாயத் பாய் பல்லால் நாக்கைக் கடித்தார். "போலீசுக்காரன் படிச்சா சிரிப்பானே."

"அந்தக் கட்டத்த மட்டும் பழையபடி வுட்டுடு," என்றேன்.

"எப்டிக்கா? அதே கட்டத்துல முன்னாடி நீ முந்தானையோட நிக்கிற!" செம்பியன் நைனா பக்கம் திரும்பினான். "ஏன் நைனா, சல்யூட்ட லெஃப்ட்லயா அடிச்ச?"

"கண்ணாடியப் பாத்து கொழம்பிட்டேன்டா," என்றார் நைனா. "திரையில ரைட்டாத் தெரிஞ்சுது. அப்டியே தூக்கிட்டேன்."

நியாயமாகத்தான் இருந்தது. செம்பியன் ஏற்கெனவே போனை எடுத்துவிட்டான், இந்த முறை பின்பக்கக் கேமராவோடு.

"சரி, ஒரே ஒரு போட்டோ. ரைட் கைல சல்யூட் அடி. கைய மட்டும் வரைஞ்சி மேல ஒட்டிடறேன். பத்தே நிமிசம்."

நைனா எழுந்தார். சட்டையைக் கீழே இழுத்துவிட்டார். வாசல் பக்கம் பார்த்தார்.

"ஆட்டோ வெயில்ல கீது. நிழல்ல போட்டுட்டு வந்துடறேன்."

"நைனா! இப்பவா?"

"சீட்டு சுடும்டா, போவ வேணாமா? இனாயத்து, நீ நில்லுப்பா. போலீஸ்காரன் கை எல்லாருக்கும் ஒண்ணுதானே."

போய்விட்டார். இனாயத் பாய் விறைப்பாக நின்று வலது கையால் சல்யூட் அடித்தார். செம்பியன் ஒரு சொடுக்கில் எடுத்து, அடுத்த நொடியே பென்சிலைப் பிடித்தான். பூனை மயிர் அடர்ந்த அந்தக் கை, நைனாவின் தோளில் போய்ப் பொருந்தியது. பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது.

வெயில் காலத்தில் ஆட்டோவை எங்கே நிறுத்துவது என்று நைனாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். காலையில் வந்தபோதே சந்தில் இருந்த ஒரே வேப்பமரத்தின் கீழ்தான் நிறுத்தியிருந்தார்.

முப்பத்தைந்தாவது பலூனை எழுதாமல் தம்பியின் போனை எடுத்தேன். படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினேன். இடவலம் மாறியவை என்று இப்போது தெரிந்திருந்ததால் மனசுக்குள் திருப்பிப் பார்த்தேன். லாரியை நிறுத்தக் கை காட்டும் நைனா: இடது கை. கும்பலுக்குக் கையசைக்கும் கவுன்சிலர்: இடது கை. கன்னத்தில் அறையும் லாரிக்காரர்: இடது கை. வலது கை எல்லாப் படத்திலும் கீழேயே இருந்தது. தொடைமேல். பையில். தொட்டியின் விளிம்பில். அறுபத்து மூன்றில் ஒன்றில்கூட அது நெஞ்சுக்கு மேலே வரவில்லை.

குழம்பினால் ஒரு முறை குழம்பலாம்.

"அக்கா! எழுது! மணி ரெண்டே முக்கால்!"

எழுதினேன். மிச்சம் ஏழு பலூன்களில் என்ன எழுதினேன் என்று எனக்கு நினைவில்லை. பிழை இல்லை என்று பின்னால் சொன்னார்கள்.

*

மூன்று பத்துக்குக் கிளம்பினோம். துரைசாமி சப்வேயில் நெரிசல். செம்பியன் பக்கங்களை அட்டைக்குள் வைத்து மடியில் குழந்தையைப்போல் பிடித்திருந்தான்.

"நைனா, பறக்கணும்!"

"வண்டி ஓட்றது யாரு? குந்துடா சும்மா."

நைனா பறந்தார். இரண்டு பஸ்களுக்கு நடுவில் ஒரு இடுக்கு தெரியும், அடுத்த நொடி நாங்கள் அதில் இருப்போம். ஒரு கார்க்காரர் கண்ணாடியை இறக்கித் திட்ட வாயெடுத்தார். "வூட்ல சொல்லிட்டு வந்தியா?" என்று நைனா அவருக்கு முன்பே கேட்டுவிட்டுப் போனார். செம்பியன் சத்தமாகச் சிரித்தான். எனக்கும் பயத்தை மீறி ஒரு பரபரப்பு. ஆறு பக்கம் முழுசாக, நேராக, எங்கள் கையில் இருந்தன.

பனகல் பார்க் அருகே வலப்பக்கம் திரும்ப வேண்டும். நைனா வலது காலை வெளியே நீட்டித் திரும்பினார்.

ஆட்டோக்காரர்கள் காலை நீட்டித் திரும்புவது ஊருக்குப் புதிதல்ல. ஆனால் நைனா கால் நீட்ட மாட்டார், வலது கையைத்தான் காட்டுவார். 'காலக் காட்றவன்லாம் டிரைவரா?' என்று ஸ்டாண்டில் சண்டை போட்டவர். அவருடைய வலது முழங்கையைக் கவனித்தேன். விலாவோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மணிக்கட்டு மட்டும் ஆக்சிலேட்டரை முறுக்கியது.

வெங்கட்நாராயணா ரோடு, நந்தனம் சிக்னல், சேமியர்ஸ் ரோடு. அபிராமபுரத்தில் அந்த வீட்டின் முன் நின்றபோது மூன்று ஐம்பது. கீழே குடியிருப்பு, மாடியில் அலுவலகம். செம்பியன் ஆட்டோ நிற்பதற்குள் குதித்து, படிகளை இரண்டிரண்டாக ஏறினான்.

நான் இறங்கவில்லை.

"கை இன்னா ஆச்சு நைனா?"

"எந்தக் கை?"

"நைனா."

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "பொங்கலுக்கு முன்னாடி புடிச்சிது. தோள்ல. அப்பால மேல போவல."

"நாலு மாசமா? யாருகிட்ட காட்டின?"

"காட்டினா ஓட்டாதம்பான். இப்ப இன்னா, ஓட்டிக்கினு தானே கீறேன்." குரலைத் தாழ்த்தினார். "அவன்கிட்ட இப்ப சொல்லாத கண்ணு. சொன்னியானா அட்டையத் தூக்கிப் போட்டுட்டு என்னை ஆஸ்பத்திரிக்கு இஸ்துக்கினு போவான். மேல போயி முடிவு கேக்கட்டும். அப்பால நானே சொல்றேன். போ."

நான் போனேன். போயிருக்கக் கூடாது என்று பிற்பாடு பல முறை நினைத்திருக்கிறேன். ஆனால் அன்று அவர் சொன்னது எனக்கு நியாயமாகப் பட்டது.

*

இதழின் ஆசிரியர் மஹதிக்கு நாற்பது வயதிருக்கும். மூக்குக் கண்ணாடி சங்கிலியில் தொங்கியது. ஆறு பக்கங்களையும் மேஜையில் வரிசையாகப் பரப்பி, நின்றுகொண்டே பார்த்தார். ஒரு முறை. மறுபடி முதலிலிருந்து.

"எழுத்து யாரோடது?"

"அக்காது, மேடம்."

"நன்னா இருக்கு. மூச்சு விடறது." விரல் மூன்றாம் பக்கத்துக்கு வந்தது. "உங்க ஹீரோ சரியில்ல. ஜவுளிக்கடை பொம்மை மாதிரி நிக்கறான்."

செம்பியன் தலை குனிந்தான். அது அவனேதான் என்று அவன் சொல்லவில்லை.

"ஆனா இந்த சப்-இன்ஸ்பெக்டர் இருக்காரே. இந்த கவுன்சிலர். இந்த ஆட்டோக்காரர். இதோ இந்தக் கும்பல்ல பதினோரு பேர்." கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "இவா எல்லாரும் ஒரே ஆள். சரியா?"

எங்கள் இரண்டு பேருக்கும் முகம் சுட்டது.

"மன்னிச்சிடுங்க மேடம்," என்றான் செம்பியன். "வேற ஆளு கெடைக்கல. எங்க நைனா. மாத்தி வரைஞ்சித் தரேன்."

"மாத்தாதேள்! அதைத்தான் சொல்லிண்டு இருக்கேன்." மஹதி மேஜையைத் தட்டினார். "நான் இவரைத்தான் தேடித் தேடிப் பார்த்தேன். இந்தத் தொந்தி, இந்த நிக்கற தோரணை, இந்தக் கள்ளச் சிரிப்பு. பத்து வேஷம் போட்டும் ஒண்ணுலயும் பொய் இல்ல. டெலிவரி பையனை விட்டுடுங்கோ. இந்த ஆட்டோக்காரர்தான் ஹீரோ. லாரிக்கு முன்னாடி தனியா நிக்கற ஒரு ஆட்டோக்காரர். இருபத்தாறு வாரம். சம்மதமா?"

செம்பியனுக்கு அது புரிய ஒரு நொடி ஆயிற்று. பிறகு ஜன்னலுக்கு ஓடினான்.

"நைனா! மேல வா! நீதான் ஹீரோ நைனா! ஹீரோ!"

எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திய அம்மாள் திரும்பிப் பார்த்தார். கீழிருந்து நைனாவின் குரல் வந்தது. "இன்னாடா ஒளர்ற?" அவர் படி ஏறி வருவதற்குள் செம்பியன் என் இரண்டு கையையும் பிடித்துக் குதித்தான். அவன் அப்படிக் குதித்து நான் கடைசியாகப் பார்த்தது, பத்தாம் வகுப்பில் தேறிய அன்று. நானும் குதித்தேன். அந்த ஒரு நிமிஷம் எல்லாவற்றையும் மறந்திருந்தேன். அதை மறைக்க விரும்பவில்லை.

நைனா காக்கிச் சட்டையின் காலரைச் சரிசெய்தபடி உள்ளே வந்தார். மஹதி அவரைப் பார்த்ததும் தாளைப் பார்த்தார், மறுபடி அவரைப் பார்த்தார்.

"அப்படியே இருக்கேள்! உட்காருங்கோ சார். இல்ல, உட்காராதேள். நில்லுங்கோ. முதல் வார அட்டை இப்பவே என் கண்ணுல தெரியறது. லாரி வருது. நீங்க நடுரோட்ல ரெண்டு கையையும் மேல தூக்கிண்டு நிக்கறேள். ஒரு போட்டோ எடுத்துடலாமா? தம்பி இதைப் பார்த்தே வரையட்டும்."

"நான் எடுக்கறேன்," என்றேன். என்னையறியாமல் வந்துவிட்டது. யாராவது எடுக்கத்தான் போகிறார்கள் என்றால் அது நானாக இருக்கட்டும் என்று தோன்றியிருக்க வேண்டும்.

மஹதி தன் போனை என்னிடம் கொடுத்தார். நைனா வெள்ளைச் சுவருக்கு முன்னால் போய் நின்றார். காலை அகட்டினார். தொந்தியை உள்ளிழுத்தார். செம்பியன் என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். அவன் மூச்சு என் காதில் பட்டது.

"ரெடியா நைனா? லாரி வருது! ஆரன் அடிக்கிறான்! தூக்கு!"

நைனாவின் இடது கை விருட்டென்று மேலே போயிற்று. விரல்கள் விரிந்து நின்றன.

"ரெண்டு கையும் சார்," என்றார் மஹதி.

நைனா என்னைப் பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்தார். சிரித்தார். வலது கை கிளம்பியது. பெல்ட்டைத் தாண்டியது. சட்டையின் மூன்றாவது பொத்தான் வரை வந்தது. அங்கே நின்று லேசாக நடுங்கியது. நெற்றியில் வியர்வை புறப்பட்டது. சிரிப்பு மட்டும் மாறவில்லை.

"இன்னும் மேல நைனா," என்றான் செம்பியன், உற்சாகம் குறையாமல். பிறகு அவன் குரல் இறங்கிவிட்டது. "நைனா?"

நான் பொத்தானை அழுத்தவில்லை.

"அவ்ளோதான்டா வருது," என்றார் நைனா.